பக்கத்து வீட்டு வேற்றுகிரகவாசி: கைக்காசில் ஓர் அறிவியல் புனைவுக் குறும்படம்

1956-ல் வெளிவந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்' படத்தில் வில்மா என்ற பெண் டாக்டரிடம் ஒரு புகார் சொல்கிறாள். வீட்டில் இருக்கிற ஐரா மாமா, தன்னுடைய ஐரா மாமா இல்லையாம். முகம் அதேதான், குரல் அதேதான், பழைய நினைவுகள்கூட அப்படியே இருக்கின்றன. ஆனால் தன்னைப் பார்க்கும்போது அவர் கண்ணில் இருந்த ஏதோ ஒன்று இப்போது காணவில்லை என்கிறாள். மாமா பாட்டுக்குத் தோட்டத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சியில் மேக்கப் இல்லை, தந்திரக் காட்சி இல்லை. ஒருத்தியின் சந்தேகம் மட்டும்தான். அதற்குப் பிறகு ஊரில் யாரைக் காட்டினாலும் நமக்கு நம்பிக்கை வருவதில்லை.

மனிதர்களுக்கு நடுவே ஒளிந்து வாழும் வேற்றுகிரகவாசி என்கிற கதை, காசு இல்லாதவர்களுக்கென்றே அமைந்தது. ஒளிந்திருப்பவன் மனிதனைப் போலத்தான் இருந்தாக வேண்டும். அவனைப் பார்க்கிற மனிதரின் முகம்தான் அவனை வேற்றுகிரகவாசி ஆக்குகிறது. புதிதாக எடுக்க வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு, இருக்கிற பணத்தை முகமூடியிலும் கிராஃபிக்ஸிலும் போட்டுவிடுகிறார்கள். சத்தத்துக்கும் நடிகர்களின் ஒத்திகைக்கும் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

கீழே சொல்வது 10 நிமிஷக் குறும்படத்துக்கான கணக்கு. ஒரே வீடு, மூன்று நடிகர்கள், ஐந்து பேர் குழு, இரண்டு நாள் ஷூட்டிங். கேமரா நல்ல போனாக இருக்கலாம், இரவல் வாங்கிய மிரர்லெஸ் ஆகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு பிசகு

உங்கள் வேற்றுகிரகவாசி மனிதர்களிடம் மாட்டிக்கொள்ளும்படி செய்கிற தவறு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பது, இயந்திரம்போலப் பேசுவது, சாப்பாட்டை முகர்வது, கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டாவது நிமிஷத்திலேயே பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். மிச்சம் எட்டு நிமிஷத்துக்கு அவருக்கு வேலை இருக்காது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வரும்: இவ்வளவு கோணலாக இருப்பவனை இத்தனை நாளாக யாரும் கவனிக்கவில்லையா? அந்தக் கேள்வி எழுந்தால் படம் உடைந்துவிடும்.

பிசகைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி இருக்கிறது. அவன் மனிதர்களைப் பற்றி எங்கிருந்து கற்றுக்கொண்டான் என்று முடிவு செய்யுங்கள். அகராதியிலிருந்தும் இலக்கணப் புத்தகத்திலிருந்தும் தமிழ் கற்றவன் என்று வையுங்கள். அவன் பேச்சில் இலக்கணப் பிழை இருக்காது. ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்பான். அகராதிப்படி அது சரி. நம் வீட்டு வாசல்படியில் அது அபசகுனம்.

மாதிரிக் கதை ஒன்றை இப்படி அமைக்கலாம். மாடி போர்ஷனில் தனியாகக் குடியிருக்கும் இளைஞன். கீழே வீட்டுக்காரப் பாட்டி, பள்ளிக்கூடம் போகும் பேத்தி. முதல் காட்சியில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, "பாட்டி, போறேன்" என்கிறான். பாட்டி பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு, "போறேன்னு சொல்லாதப்பா. போயிட்டு வரேன்னு சொல்லு" என்கிறாள். "வருவேன்னு உங்களுக்குத் தெரியுமே பாட்டி" என்கிறான் அவன். முகத்தில் குறும்பு இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்கிறான். நடுவில் அவன் யாரென்று பாட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் பையோடு அதே வாசலில் நின்று, "போறேன் பாட்டி" என்கிறான். இந்த முறை பாட்டி திருத்தவில்லை.

ஒரே சொல் படத்தைத் தொடங்கிவைக்கிறது, முடித்தும் வைக்கிறது. உங்கள் கதைக்கு வேறு பிசகு கிடைக்கலாம். அது கதாபாத்திரங்கள் கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு முறை சிரித்துக் கடந்துபோகும் அளவுக்குச் சின்னதாகவும் இருக்க வேண்டும்.

எழுதும்போது

ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்கு ஏற்பட்டது. தமிழில் எழுதுவதற்கு அது பொருந்தாது. வசனத்தைச் சத்தமாகப் படித்து, நடையையும் மௌனத்தையும் சேர்த்து, ஸ்டாப்வாட்ச்சில் அளந்து பாருங்கள்.

உண்மை வெளிப்படுகிற இடத்தைக் கடைசி நொடிக்குத் தள்ளாதீர்கள். முதல் மூன்று நிமிஷத்தில் பிசகு ஒரு முறை வரட்டும். ஆறாவது நிமிஷத்தில் ஒருவருக்குத் தெரிந்துவிடட்டும். கடைசி நான்கு நிமிஷம், தெரிந்தவர் என்ன செய்கிறார் என்பதற்கு. 'அவன் வேற்றுகிரகவாசி' என்பதை மட்டும் முடிவாக வைத்தால் படம் ஒரு விடுகதையாகச் சுருங்கிவிடும். காட்டிக்கொடுப்பதா, காப்பாற்றுவதா என்று பாட்டி யோசிக்கிற அந்த நேரத்தில்தான் பார்வையாளரின் மனது முழுதாக உள்ளே வருகிறது.

வசனம் எழுதத் தயங்குகிறவர்கள் ஜான் சேல்ஸ் 1984-ல் எடுத்த 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானெட்' படத்தைப் பார்க்க வேண்டும். நாயகனாக வரும் ஜோ மார்ட்டன் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டார். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் ஒளிந்து வாழும் கறுப்பினத்தவராகத் தெரிகிற வேற்றுகிரகவாசி அவர். எதிரில் இருப்பவர்கள் அந்த மௌனத்தை நிரப்பத் தங்கள் கதையைக் கொட்டுகிறார்கள். காலில் மூன்று விரல், கையை வைத்தால் காயம் ஆறுவது என்று ஒருசில அடையாளங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அதில் ரயிலுக்குள் ஒரு காட்சி. சீட்டுக்கட்டு வித்தை காட்டும் இளைஞன், இந்த ரயிலில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் எல்லாரையும் மறைய வைக்கிறேன் பார் என்கிறான். 59-ஆம் தெரு நிறுத்தம் வருகிறது, அவர்கள் எல்லாரும் இறங்கிப்போகிறார்கள். அடுத்த நிறுத்தம் ஹார்லெமின் 125-ஆம் தெரு. செலவே இல்லாத மாயம், அந்த ஊர் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறது. உங்கள் ஊரில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடுங்கள். ஒளிந்து வாழ்கிறவன் யார் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறான், யார் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான் என்பதில்தான் கதையின் அடி ஆழம் இருக்கிறது.

பணமும் நாளும்

கையில் 15,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாப்பாடு, டீ, போக்குவரத்துக்கு 6,000. மைக், ரெக்கார்டர் வாடகைக்கு 4,000. விளக்குகளுக்கும் படத்தில் வரும் பொருட்களுக்கும் 2,000. மீதி 3,000-ஐத் தொடாதீர்கள், கடைசியில் ஏதோ ஒன்றுக்கு அது கட்டாயம் தேவைப்படும். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க நினைத்தால் இரண்டாம் நாள் மதியத்துக்குமேல் யாரும் ஒத்துழைக்கமாட்டார்கள்.

ஒரு நாளைக்கு 20 ஷாட்டுக்குமேல் திட்டமிட வேண்டாம். வாசல் காட்சிகள் எல்லாவற்றையும் முதல் நாள் சேர்த்து எடுத்துவிடலாம். ஆனால் முதல் 'போறேன்' காலை வெயிலிலும் கடைசி 'போறேன்' மாலை வெளிச்சத்திலும் வரட்டும், அப்போதுதான் ஒரே நாளில் எடுத்தது தெரியாது. அவன் யாரென்று பாட்டிக்குத் தெரியவருவது சமையலறையில் நடக்கும் ரத்தக் காட்சியில், அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம். அதை இரண்டாம் நாள் காலை முதல் வேலையாக வையுங்கள். சமையலறை ஜன்னல் வெளிச்சம் மணிக்கு மணி மாறும் என்பதால் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பட்டர் பேப்பர் ஒட்டிவிடுங்கள், மாற்றம் உறைக்காது.

வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பேத்தியாக நடிக்கும் குழந்தையின் பெற்றோர் கூடவே இருக்க வேண்டும், குழந்தையின் ஷாட்டுகளை முதலில் முடித்து அனுப்பிவிடுங்கள். ரயில் நிலையத்தில் முன் அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டாம். பின்னணியில் டிவியோ ரேடியோவோ சினிமாப் பாட்டு பாடினால் படத்தை வெளியிடும்போது காப்புரிமைச் சிக்கல் வரும்.

கண்ணில் உயிர் எடுப்பது

வேற்றுகிரகவாசிக்கு முதலில் எல்லாருக்கும் தோன்றுவது கறுப்பு கான்டாக்ட் லென்ஸ். வெள்ளை விழியையும் மூடுகிற ஸ்கிளீரா லென்ஸ் சுமார் 22 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. கண் மருத்துவரிடம் அளவு பார்க்காமல் ஆன்லைனில் வாங்கிப் போட்டால் கருவிழியில் புண் வரலாம். ஒருவர் போட்டதை இன்னொருவர் போட்டால் தொற்று வரும். இந்த பட்ஜெட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது. வேறு வழி இருக்கிறது, அது இன்னும் அழகானது.

எந்த மனிதரின் குளோசப்பை எடுத்தாலும் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். ஜன்னலோ விளக்கோ அதில் பிரதிபலிக்கிறது. அந்தப் புள்ளி இருந்தால் கண்ணுக்கு உயிர் இருக்கும், எடுத்துவிட்டால் கண் இறந்துவிடும். பாட்டிக்கும் பேத்திக்கும் அது எப்போதும் இருக்கட்டும், அவனுக்கு ஒருபோதும் வேண்டாம்.

இதற்கு விளக்கை நகர்த்தவே தேவையில்லை, ஆட்களை உட்காரவைக்கும் விதம் போதும். பாட்டி ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும். அவள் மடிக்கு நேராக, ஃபிரேமுக்குக் கீழே, 4 அடிக்கு 2 அடி வெள்ளைத் தெர்மாகோல் ஒன்றைச் சாய்த்து வையுங்கள். அவன் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். கேமராவுக்குப் பின்னால் 6 அடி அகலக் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள், அவன் கண்ணில் அந்தக் கறுப்பு மட்டும்தான் பிரதிபலிக்கும். எடுத்ததும் போனில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். டியூப் லைட்டோ, டைரக்டரின் வெள்ளைச் சட்டையோ, மானிட்டரோ ஏதாவது ஒன்று கட்டாயம் அங்கே மின்னிக்கொண்டிருக்கும். குழுவினர் எல்லாரும் அன்று கறுப்புச் சட்டை போடுவது நல்லது.

அவன் முகம் இருண்டுபோய்விடுமே என்றால், தலைக்குமேல் பக்கவாட்டிலிருந்து 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (டியூப் லைட் வடிவ விளக்கு) ஒன்றைப் பட்டர் பேப்பர் சுற்றிக் கொடுக்கலாம். புருவ எலும்பின் நிழல் கண்ணில் விழும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது இமைப்பது. மனிதர் சாதாரணமாக நிமிஷத்துக்கு 15 முதல் 20 தடவை இமைப்பார். அவனைக் காட்டும் குளோசப்பில் இமையே கொட்டக் கூடாது. ஆக்‌ஷன் சொல்வதற்கு முன் நடிகர் ஐந்து விநாடி கண்ணை மூடியிருக்கட்டும். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள், காற்று பட்டால் கண் உலர்ந்துவிடும். ஒரு ஷாட் 20 விநாடிக்குள் முடியட்டும். அதற்குமேல் இழுத்தால் கண்ணில் நீர் கோக்கும். பார்க்கிறவர்கள் அவன் அழுகிறான் என்று எடுத்துக்கொள்வார்கள், காட்சியின் பொருளே மாறிவிடும்.

மூன்றாவது, வியர்வை. மே மாதச் சமையலறையில் எல்லாருக்கும் வியர்க்கும், அவனுக்கு வியர்க்கக் கூடாது. கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, கண்ணை மூடச் சொல்லி, இரண்டடி தூரத்திலிருந்து பாட்டியின் நெற்றியிலும் கழுத்திலும் அடியுங்கள். சும்மா தண்ணீர் அடித்தால் இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிடும், ஷாட்டுக்கு ஷாட் மாறும். அவன் முகத்தை டிஷ்யூவால் ஒற்றி, பளபளப்பில்லாத பவுடரை மெலிதாகப் போடுங்கள். அவன் நிறத்தைவிட வெளுத்த பவுடர் போட்டால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும், அவன் நிறத்துக்கே பொருந்தியது வேண்டும்.

கண்ணும் வியர்வையும் கதாபாத்திரங்களுக்குத் தெரியாதவை. யாரும் வசனத்தில் சொல்லாதீர்கள், கேமராவுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கட்டும். பார்வையாளர் காரணம் தெரியாமலே சங்கடப்படுவார்.

சங்குப்பூ ரத்தம்

இப்போது அந்த ஆறாவது நிமிஷம். பாட்டி எலுமிச்சை ஊறுகாய் போடுகிறாள், அவன் பழம் நறுக்கிக் கொடுக்கிறான். விரலில் வெட்டு. வருவது நீல ரத்தம். அது பீங்கான் தட்டில் தேங்கியிருக்கும் எலுமிச்சைச் சாற்றில் சொட்டி, கண்ணெதிரே கத்தரிப்பூ நிறமாகி இளஞ்சிவப்பாகிறது. இதற்குக் கிராஃபிக்ஸ் தேவையில்லை. நீலச் சங்குப்பூவில் இருக்கும் நிறமி நடுநிலையில் நீலமாக இருக்கும், புளிப்புப் பட்டால் ஊதாவாக மாறும், புளிப்பு கூடக்கூடச் சிவப்புப் பக்கம் போகும்.

காய்ந்த சங்குப்பூ 20 எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, பூவைப் போட்டு 10 நிமிஷம் மூடிவையுங்கள். நன்றாகப் பிழிந்து வடிகட்டுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். அதில் காரத்தன்மை இருந்தால் நீலம் பச்சையாடும், எலுமிச்சையின் புளிப்பையும் அது தின்றுவிடுவதால் நிறம் சரியாக மாறாது.

இந்தச் சாற்றை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி அப்படியே நீர்த்திருக்கட்டும், தட்டில் சொட்டுவதற்கு அதுதான். மறு பாதி விரலுக்கு. அந்த 50 மில்லியில் அரை டீஸ்பூன் சோள மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். இரண்டு நிமிஷத்தில் கெட்டிப்பட்டுக் கண்ணாடிபோல் தெளியும். வேகாமல் இறக்கினால் பால் ஊற்றியதுபோல் வெளிறிக் கிடக்கும். கெட்டி ரத்தத்தையே தட்டிலும் சொட்டினால் என்ன ஆகும்? எலுமிச்சைச் சாறு அதற்குள் ஊடுருவ நேரமாகும். ஓரம் மட்டும் நிறம் மாறி நடுவில் நீலமாகவே நிற்கும், அந்த ஷாட் வீண். அதனால்தான் இரண்டு பதம்.

நம் தோல் நிறத்தில் நீலம் எளிதில் எடுக்காது. புறங்கையில் வழிந்தால் அழுக்குத் தண்ணீர்போல் தெரியும். விரல் நுனியின் உள்பக்கமும் உள்ளங்கையும் வெளுத்திருக்கும், வெட்டு அங்கேதான் இருக்க வேண்டும்.

வெட்டும் ஷாட்டை மூன்று துண்டாக எடுங்கள். முதலில் தூரத்து ஷாட், உண்மைக் கத்தி, அவன் சாதாரணமாக நறுக்குகிறான். இரண்டாவது குளோசப், அதே மாதிரி இன்னொரு கத்தி, ஆனால் அரத்தால் முனையையும் பதத்தையும் மழுக்கியது. நடிகரின் விரலுக்கும் பழத்துக்கும் நடுவே பட்டாணி அளவுப் பஞ்சு, கெட்டி ரத்தத்தில் தோய்த்தது. கத்தி இறங்கும்போது விரலை அழுத்தினால் நீலம் கசியும். மூன்றாவது, தட்டு மட்டும். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சில் நீர்த்த ரத்தத்தை எடுத்து, ஃபிரேமுக்கு வெளியே ஓரடி உயரத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். தட்டில் இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு தேங்கியிருக்க வேண்டும், வெறும் ஈரம் போதாது. இதை விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25-ல் ஓடவிட்டால் நிறம் மாறுவது கண்ணுக்கு நிற்கும். அரிவாள்மணை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நடிகரின் கையை அதில் பணயம் வைக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. தட்டு வெள்ளைப் பீங்கானாக இருக்கட்டும். எவர்சில்வர் தட்டில் நிறம் தெரியாது, கேமராதான் தெரியும். பாட்டி மஞ்சள் தூள் தூவுவதற்கு முன்பே இந்த ஷாட் முடிய வேண்டும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சையாகிவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் தட்டைக் கழுவும்போது சோப்பு மிச்சம் இல்லாமல் அலசுங்கள். சோப்பின் காரம் தட்டில் ஒட்டியிருந்தால் அடுத்த சொட்டு சிவப்பாகாமல் கலங்கி நிற்கும். ஆறு டேக் போகும் என்று வைத்து 15 பழம் வாங்குங்கள். ரத்தத்தை முந்தைய நாள் இரவு காய்ச்சி ஃபிரிட்ஜில் வைக்கலாம், அதற்குமேல் வைத்தால் நிறம் மங்கும். அவன் போடும் சட்டையில் ஒரே மாதிரி இரண்டு வேண்டும்.

கதைக்கு நீலம் ஒத்துவரவில்லை என்றால் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கின்றன. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் நாம் பார்க்கிற அதே சிவப்பு. மஞ்சள் ரத்தம் ஓடுகிறவன், சுண்ணாம்பு தடவிய வெற்றிலையைத் தொட்டதும் மனிதனைப்போலச் சிவக்கிறான் என்று ஒரு தலைகீழ்க் கதையே எழுதலாம்.

அவன் உண்மை முகம் வேண்டுமே என்பவர்களுக்கு

வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. கட்டாயம் என்றால், ஜான் கார்ப்பென்டரின் 1988-ஆம் ஆண்டுப் படமான 'தே லிவ்' வழியைப் பின்பற்றுங்கள். அதில் ஒரு குறிப்பிட்ட கறுப்புக் கண்ணாடி போட்டால்தான் வேற்றுகிரகவாசிகளின் முகம் தெரியும், அப்படித் தெரிகிற பார்வை முழுக்கக் கறுப்பு வெள்ளை. கதைக்குப் பொருத்தமாக இருப்பதோடு, இது சிறு பட்ஜெட்டுக்குப் பெரிய உதவி. முகமூடியின் நிறத்துக்கும் கழுத்தின் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் கறுப்பு வெள்ளையில் கரைந்துபோகும்.

திரவ லேட்டக்ஸும் (மேக்கப்புக்கான ரப்பர் பால்) டிஷ்யூ பேப்பரும் மூன்று நான்கு அடுக்கு வைத்தால் சுருங்கிய தோல் கிடைக்கும். 24 மணி நேரத்துக்கு முன்பே நடிகரின் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு தடவிப் பாருங்கள், லேட்டக்ஸ் சிலருக்கு ஒவ்வாது. புருவத்திலும் முடியோரத்திலும் வாசலின் தடவாமல் போட்டால் உரிக்கும்போது முடி கையோடு வரும். காய்ந்ததும் பவுடர் போடுங்கள், இல்லையென்றால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். இரண்டு விநாடிக்குமேல் காட்டாதீர்கள்.

கேமரா

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனில் வழக்கமாக இருக்கும் 30 ஃபிரேமில் எடுத்தால் டியூப் லைட்டின் கீழே படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் 50-ல் ஒரு பங்கு என்று பூட்டிவிடுங்கள், 50 ஃபிரேமில் எடுக்கும்போது 100-ல் ஒரு பங்கு. ஒயிட் பேலன்ஸையும், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பையும், பூட்டுங்கள். தானாக மாறவிட்டால் நீல ரத்தம் ஃபிரேமுக்குள் வந்ததும் போன் மற்ற நிறங்களை மஞ்சளாக்கிவிடும். முகத்தை வைட் லென்ஸில் கிட்டப் போய் எடுக்காமல், 2 மடங்கு லென்ஸில் ஆறடி தள்ளி நின்று எடுங்கள்.

ஷாட் பிரிக்கும்போது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஒரு ஷாட் என்றால் அவனைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு. "போறேன்" என்ற சொல் விழும்போது கேமரா அவன் மேல் இருக்க வேண்டாம். பாட்டியின் கையில் இருக்கட்டும், நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த விரல் பாதியில் நிற்கிறது. அதன்பின் முகம். 'லுக்', அதாவது நடிகரின் பார்வை, எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு சஜஷனுக்கும் (ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரை எடுக்கும் ஷாட்) முன்னால் சரிபாருங்கள். பாட்டி இடதுபக்கம் பார்த்தால் அவன் வலதுபக்கம் பார்க்க வேண்டும், மாறினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

சத்தம்தான் படம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் எதிரொலித்தால் மூடிவிட்டுப் போய்விடுவார். ஷாட்டுக்கு முன் மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் கிளம்பும்போது திரும்ப ஆன் செய்ய மறக்கமாட்டீர்கள். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற தரத்தில் வையுங்கள். அதன் மீட்டரில் சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் பாட்டி திடீரென்று கத்தினாலும் உடையாது. உடையில் குத்தும் லேப்பல் மைக்குக்குப் பருத்திப் புடவை நல்லது. பட்டும் பாலியஸ்டரும் உரசும் சத்தத்தை டப்பிங்கில்தான் சரிசெய்ய முடியும். ஒவ்வொரு அறையிலும் எல்லாரும் அசையாமல் நின்று ஒரு நிமிஷம் வெறும் ஆம்பியன்ஸ், அதாவது யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கும் சத்தம், எடுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிட்டால் கீழே சொல்லப்போகிற எதையும் செய்ய முடியாது.

எடிட்டிங்கில் அவன் வசனங்களில் இருக்கிற மூச்சுச் சத்தத்தை ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள். மனிதர் பேசத் தொடங்கும் முன் மெல்ல இழுக்கும் அந்தக் காற்று அவனிடம் இருக்கக் கூடாது. வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் சத்தத்தில் ஓட்டை விழுந்ததுபோல் கேட்கும், எடுத்துவைத்த ஆம்பியன்ஸால் நிரப்புங்கள். ஒரு மணி நேர வேலை. வேற்றுகிரகவாசிக்கு இதைவிட மலிவான, இதைவிட நல்ல மேக்கப் கிடையாது.

அவன் தனியாக இருக்கும் காட்சிகளில் தெருச் சத்தத்தைப் பத்து விநாடிக்குள் மெல்ல இறக்குங்கள். காக்கை நிற்கட்டும், கீரைக்காரம்மாவின் குரல் தேயட்டும். பேத்தி உள்ளே ஓடிவந்ததும் எல்லாம் ஒரே வெட்டில் திரும்ப வரட்டும். ரத்தக் காட்சிக்கு இசையைவிடக் குக்கர் விசில் நல்ல துணை. அடுப்பில் குக்கர் இருப்பதை முன்பே காட்டிவிடுங்கள். இரண்டு விசில் பேச்சுக்கு நடுவே. மூன்றாவது வருவதற்கு முந்தைய அந்தச் சீறலில் கத்தி இறங்கட்டும். விசிலைத் தனியாகப் பதிவு செய்து பிறகு சேருங்கள், வசனத்தோடு சேர்த்து எடுத்தால் இரண்டும் கெடும்.

குரலை விசித்திரமாக்க ஒரே டிராக்கைப் பிரதி எடுத்துச் சில மில்லிசெகண்ட் தள்ளிவைப்பது பலர் செய்வது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் அது குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்கும். அதற்குப் பதிலாக அதே வசனத்தை நடிகர் கிசுகிசுப்பாக இன்னொரு முறை பேசட்டும், அதை அடியில் மிக மெலிதாக வையுங்கள். கடைசி "போறேன்"-க்கு மட்டும் போதும்.

பயமூட்டுகிற அடிக்குரல் உறுமலை நம்பாதீர்கள். பெரும்பாலோர் போனில்தான் பார்ப்பார்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச்சுருதி கேட்கவே கேட்காது. எடிட் முடிந்ததும் ஒரு முறை ஹெட்போனில், ஒரு முறை போன் ஸ்பீக்கரில் கேட்டு மிக்ஸைச் சரிசெய்யுங்கள்.

வெட்டுவதும் காட்டுவதும்

முதல் எடிட்டில் அவன் தரும் ஒவ்வொரு பதிலையும் 12 ஃபிரேம், அதாவது சுமார் அரை விநாடி, தள்ளிவைத்துப் பாருங்கள். அதற்குமேல் போனால் மந்தபுத்திபோல் தெரியும். குறைத்தால் யாருக்கும் உறைக்காது. கடைசிக் காட்சியில் மட்டும் அந்தத் தாமதத்தை எடுத்துவிடுங்கள். அப்போது அவன் மனிதர்களின் வேகத்துக்கு வந்துவிட்டான். ரத்தம் சொட்டும் ஷாட்டைப் பாட்டியின் முகத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். முதலில் அவள் பார்க்கிறாள், பிறகு என்ன பார்த்தாள் என்று நாம் பார்க்கிறோம்.

அடுத்து, கதை தெரியாத ஐந்து பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஷூட்டிங்கில் இருந்தவர்களும் ஸ்கிரிப்ட் படித்தவர்களும் கூடாது. ஐந்தில் ஒருவராவது பாட்டி வயதில் இருந்தால் நல்லது. படம் ஓடும்போது விளக்கம் சொல்லாதீர்கள். முடிந்ததும் ஒரே கேள்வி: "எந்த இடத்தில் அவன்மேல் சந்தேகம் வந்தது?" அவர்கள் சொல்லும் இடத்தின் நிமிஷத்தையும் விநாடியையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் "போறேன்" என்றால் அந்தக் காட்சியைச் சுருக்குங்கள், பாட்டியின் முகத்தில் தங்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள். ரத்தம் வந்தபோதுதான் என்றால் நடுவில் அவன் முகம் இன்னும் ஒரு குளோசப்பாவது வேண்டும், இமைக்காத அந்த 20 விநாடியிலிருந்து எட்டு விநாடி எடுத்துச் சேருங்கள். ஐந்து பேரும் மூன்றாவது நிமிஷத்துக்கும் ஆறாவது நிமிஷத்துக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தைச் சொல்லி, ஏன் என்று கேட்டால் "தெரியல, என்னமோ மாதிரி இருந்துச்சு" என்றால், எடிட்டைப் பூட்டிவிட்டு நிறத்தைச் சரிசெய்ய உட்காரலாம்.